மொகிலி வளைவில் நிற்கிற வண்டி

பங்காருபாளையம்
14.7.1996

ரமணாவுக்கு அண்ணி செங்கம்மா எழுதறது.

நீ மாமாவுக்குப் போடற லெட்டர்ல என் பேரு இருக்காதுன்னு எனக்குத் தெரியும். சந்தியா நல்லா படிக்கிறாளான்னு கேப்ப, அவ்ளோதான். உங்கண்ணன் செத்ததுலேர்ந்து எனக்குன்னு ஒரு வரி எழுதல. நானும் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். இப்ப எழுதறது உறவு கொண்டாட இல்ல. வண்டி விஷயம்.

அம்பாசிடர சித்தூருக்கு இழுத்துக்கினு போயி, நசுங்கின டிரைவர் பக்கத்தத் தட்டி, வேற கதவு போட்டு, திரும்பவும் ரோட்டுல விட்டிருக்கேன். லாரி மோதின அன்னிக்கு அடி விழுந்ததெல்லாம் பாடியிலதான், இன்ஜினுக்கு ஒண்ணுமே ஆகல. மாமாவுக்குப் புடிக்கல, பெத்த புள்ள செத்த வண்டியாச்சே. வண்டி வாசல்ல நின்னா தோப்பச் சுத்திக்கினு பின்பக்கமா வீட்டுக்குள்ள வர்றாரு. ஆனா அவரு பாக்கற தோப்புக் காவல் வேலைய மட்டும் நம்பி நாங்க மூணு பேரு எப்படி இருக்கறது?

அண்ணாதுரைன்னு ஒரு ஆள டிரைவரா வச்சேன். நல்ல ஆளு, குடிக்க மாட்டாரு. திருச்சானூர் சவாரி, காணிப்பாக்கம் சவாரி எல்லாம் ஒழுங்காப் போச்சு. மாங்கா மண்டிக்காரங்களக் கூட்டிக்கினு பலமநேர் போறப்பதான் வெனை. மொகிலி ஏத்தம் முடியற எடத்துல ஒரு வளைவு இருக்குதே, அங்க வண்டி நின்னுடுது. ஒரு தடவ இல்ல. போறப்ப எல்லாம் அதே வளைவு. சாவியத் திருப்பினா செல்ஃப் சுத்துது, இன்ஜின் எடுக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்குது.

அந்த வளைவு எதுன்னு உனக்கு நான் சொல்ல வேணாம்.

போன வாரம் அண்ணாதுரை வந்து சாவியப் படியில வச்சுட்டு, உள்ளகூட வராம நின்னாரு. "அக்கா, சின்னப்பண்ணன் அங்கதான் நிக்கிறாரு. அவரு வண்டிய அவரு நிறுத்தறாரு. நான் ஓட்ட மாட்டேன்"ன்னுட்டுப் போயிட்டாரு.

ஊர்ல என்ன பேசறாங்கன்னா, சின்னப்பன் நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு சாவத் தேடிக்கினான், அதனால அவன் ஆவி அங்கயே கிடக்குதுன்னு. அன்னிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் வாசல்ல சாவியத் திருப்பினாரு. ஒரே சுத்துல எடுத்துச்சு. "பண்டிலோ ஏ லோபமு லேது"ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. வண்டியில கோளாறு இல்லன்னா அப்புறம் கோளாறு மனுஷன்கிட்டதானே? அவரு எழுதின அந்த ஒரு வரி எங்க எல்லார் தலைமேலயும் உக்காந்துக்கினு இருக்குது. ஸ்கூல்ல யாரோ சொல்லி, சந்தியா வந்து கேக்கறா, "நைனா நம்மள வேணாம்னுதான் போயிட்டாராம்மா?"

நீ இன்ஜின் தெரிஞ்சவன். அங்க நிக்கறது மிஷினா, அவரா? ஒரே ஒரு வார்த்த எழுது. போதும்.

செங்கம்மா


மஸ்கட்
5.8.1996

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டியை விற்றுவிடுங்கள். அதை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது.

அன்று காலையில் வீட்டில் சண்டை என்று நைனா எழுதியிருந்தார். நான் அனுப்பிய விசாவைப் பற்றித்தான் சண்டை என்றும் எழுதியிருந்தார். லாரிக்காரன் சொன்னதும் எனக்குத் தெரியும். பனியில் இறங்கி வந்தானாம், வளைவில் கார் நடுவில் நின்றிருந்ததாம், ஹாரன் அடித்தும் உள்ளே இருந்தவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லையாம். அதற்கு மேல் நான் என்ன நினைப்பது? என் அண்ணன் ஹாரன் சத்தத்துக்கு நிமிராத டிரைவர் இல்லை.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தை: மிஷின். செத்தவர்களுக்கு இன்ஜினை நிறுத்தத் தெரியாது.

ரமணா

கவரை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். விற்கும் வரை வண்டி ஓட வேண்டுமே. இன்ஜின் மேல் கறுப்புத் தொப்பி போல ஒன்று இருக்கும், அதிலிருந்து தடித்த ஒயர்கள் பிளக்குகளுக்குப் போகும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். எந்த பிளக்கில் எப்போது நெருப்பு விழ வேண்டும் என்று முடிவு செய்வது அது. தொப்பியைக் கழற்றி உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் நெருப்புக்கான கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்டும், கூடவே இருக்கும் கண்டென்சரும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கண்டென்சர் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். நெருப்பு விழும் நேரம், அதாவது டைமிங், தள்ளியிருந்தாலும் ஏற்றத்தில் திணறும். நின்ற இடத்திலேயே ஒரு பிளக் ஒயரைக் கழற்றி இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்து, நெருப்பு வருகிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். துணி சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஷாக் அடிக்கும்.


பங்காருபாளையம்
27.8.1996

ரமணாவுக்கு,

மொதல்ல சண்டையப் பத்திச் சொல்லிடறேன். மாமா சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கினு பாதிதான் கேட்டாரு. உங்கண்ணன் வண்டிய வித்துட்டு மஸ்கட்டுக்கு வர்றேன்னாரு. வண்டிய விக்காத, என்கிட்ட விட்டுட்டுப் போ, ஆள் வச்சு ஓட்டிக்கிறேன்னு நான் சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். அவரு சட்டைய மாட்டிக்கினே சிரிச்சாரு. "நீ மொதலாளி ஆவணும்னு பாக்கற. இரு, பலமநேர் பார்ட்டிய ஏத்திக்கினு வர்றேன், வந்து பேசிக்கலாம்"னாரு. வந்து பேசிக்கலாம்னு சொல்லிட்டுப் போன மனுஷன். இத்த நான் எத்தினி பேருகிட்ட சொல்றது, யாரு நம்பினாங்க? நீயாவது என்னைக் கேட்டியா?

இப்ப வண்டி. பாயிண்டு, கண்டென்சர், தொப்பி எல்லாம் சித்தூர் மெக்கானிக் புதுசு போட்டாரு. ஒரு லைட்ட புல்லி மேல காட்டி டைமிங்கும் வச்சாரு. தண்ணி மாதிரி ஓடுதும்மான்னு சொல்லித்தான் அனுப்பினாரு. ஓடவும் ஓடுச்சு, மொகிலி வளைவு வரைக்கும்.

யாரு ஓட்டினதுன்னு கேப்ப. நான்தான். ஏரி காஞ்சு கெடந்தப்ப உங்கண்ணன் எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்தாரு. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு யாருக்கும் சொல்லல. லைசென்ஸ் இப்பதான் எடுத்தேன். மொகிலிக்கு ஆள் யாரையும் ஏத்திக்கல. பட்டப்பகல்ல தனியாத்தான் போனேன்.

ஏத்தத்துல இன்ஜின் நல்லாத்தான் இழுத்துச்சு. வளைவு வந்துச்சு. காது அடைச்சுக்கின மாதிரி சத்தம் நின்னு போச்சு. ஒரு இருமல்கூட இல்ல. டயர் ரோட்டுல உருள்ற சத்தம் மட்டும், அப்புறம் அதுவும் இல்ல. அந்த மாதிரி ஒரு அமைதிய நான் அது வரைக்கும் கேட்டதில்ல. வண்டிக்குள்ள பக்கத்துல யாரோ மூச்சப் புடிச்சுக்கினு இருக்கற மாதிரி இருந்துச்சு. நான் சாவியத் திருப்பினேன். திருப்பிக்கினே இருந்தேன். செல்ஃப் சுத்தற சத்தத்துல எடுக்குதா எடுக்குதான்னு குனிஞ்சு கேட்டுக்கினு இருந்தவ, நிமிர்ந்து பாக்கறேன், வளைவுல லாரி இறங்குது. ஹாரன் எனக்குக் காதுலயே விழல. கதவத் தொறந்து ஓடிட்டேன். லாரிக்காரன் ஒதுங்கித் திட்டிக்கினே போனான்.

அப்புறம் நீ சொன்ன மாதிரி துணி சுத்தி ஒயரப் புடிச்சுப் பாத்தேன். நெருப்பு இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு தொப்பியத் தட்டிட்டுத் திருப்பினேன். எடுத்துச்சு.

அங்க ரோட்டோரம் கொய்யாப்பழம் விக்கற வெங்கடலட்சுமி வந்து எனக்குத் தண்ணி குடுத்தா. தெலுங்கும் தமிழும் கலந்து பேசற பொம்பள. அவ ஒண்ணு சொன்னா, எனக்கு அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல. "அன்னிக்கும் இதேதான் கேட்டுச்சு. பனியில எதுவும் தெரியல. ஆனா கார் அழுதுக்கினு இருந்துச்சு. விட்டு விட்டு அழுதுச்சு. அப்புறம் லாரி சத்தம்." போலீஸ்ல சொன்னியான்னு கேட்டேன். "சொன்னேன், சிரிச்சாங்க"ன்னா. ஊர்ல இந்தக் கதைய எல்லாரும் சொல்றாங்களாம், கார் அழற கதைன்னு. எனக்குத்தான் யாரும் சொல்லல.

ரமணா, கார் அழுமா?

செங்கம்மா


மஸ்கட்
17.9.1996

அண்ணிக்கு,

உங்க லெட்டர ஷெட்டுக்கே எடுத்துக்கினு போயி, வேலைக்கு நடுவுல திரும்பத் திரும்பப் படிச்சேன். இனிமே அங்க தனியாப் போகாதீங்க. நின்னாலும் உள்ள உக்காந்துக்கினு சாவியத் திருப்பாதீங்க. எறங்கி ஓரமா நில்லுங்க. இத்த மட்டும் எனக்காகக் கேளுங்க.

கார் அழுததப் பத்தி இப்ப எழுத வேணாம். மொதல்ல இன்ஜினப் பாக்கலாம்.

பாயிண்டு புதுசு, கண்டென்சர் புதுசு, டைமிங்கும் சரி, ஆனா நெருப்பு இல்ல. அப்ப நெருப்புக்குப் போற கரெண்டு வழியில எங்கயோ அறுபடுது. ஏன் அந்த வளைவுல மட்டும்? இத்தத்தான் ரெண்டு வாரமா யோசிச்சேன். நீங்க எழுதினதுலயே பதில் இருக்குது. ஏத்தத்துல நல்லா இழுத்துச்சு, வளைவு வந்ததும் நின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஏத்தத்துல கால் அழுத்தியிருக்கும். வளைவுல என்ன பண்ணுவீங்க? கால லேசா எடுப்பீங்க. நீங்க, அண்ணாதுரை, எல்லாரும் அங்க அத்தத்தான் பண்ணுவாங்க.

டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல ஒரு தகர டப்பி ஒட்டிக்கினு இருக்கும். அதுலேர்ந்து மெல்லிசா ஒரு குழாய், பெட்ரோலயும் காத்தையும் கலக்கற கார்புரேட்டருக்குப் போவும். கால லேசா எடுத்தா இன்ஜின் அந்தக் குழாய் வழியாக் காத்த இழுக்கும். டப்பி உள்ள இருக்கற தகட்ட இழுக்கும். தகடு கொஞ்சம் திரும்பும், நெருப்பு கொஞ்சம் முன்னாடி விழும். நல்லதுக்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனா அந்தத் தகட்டு மேலதான் பாயிண்டு இருக்குது. பாயிண்டுக்கு ஒரு சின்ன ஒயர் வருது. தகடு திரும்பறப்ப எல்லாம் அந்த ஒயரும் மடங்கும். வருஷக் கணக்கா மடங்கி மடங்கி உள்ள கம்பி அறுந்துடும். மேல உறை நல்லாவே இருக்கும், பாக்கறவனுக்குத் தெரியாது. சூடேறினா உறை இளகும், தகடு இழுத்தா அறுந்த முனை ரெண்டும் விலகும். ஆறினா ஒட்டிக்கும். ஏத்தம் முழுக்க சூடேறி, உச்சியில கால எடுக்கற எடம் உங்க பக்கத்துல மொகிலி வளைவு ஒண்ணுதான். திருச்சானூர் ரோட்டுல அப்படி ஏத்தமே இல்ல. இன்ஸ்பெக்டர் சாவியத் திருப்பினப்ப இன்ஜின் ஜில்லுனு இருந்திருக்கும். பாயிண்டு மாத்தறவன் இந்த ஒயரத் தொட மாட்டான்.

இது என் யோசனைதான். சரியான்னு தெரிஞ்சுக்க மொகிலி போக வேணாம். வண்டிய நல்லா ஓட்டி சூடாக்கி வாசல்ல நிறுத்துங்க. இன்ஜின் ஓடிக்கினே இருக்கட்டும். அந்த மெல்லிசுக் குழாய கார்புரேட்டர் பக்கம் உருவி, வாயில வச்சு பலமா உறிஞ்சுங்க. ஒயர் நல்லா இருந்தா இன்ஜின் சத்தம் கொஞ்சம் கூடும். அறுந்திருந்தா நின்னுடும்.

உடனே எழுதுங்க.

ரமணா


பங்காருபாளையம்
8.10.1996

ரமணாவுக்கு,

நின்னுடுச்சு.

உன் லெட்டர் வந்த அன்னிக்கே பண்ணிட்டேன். சித்தூர் போயி வந்து, வாசல்ல பானெட்டத் தொறந்து, குழாய உருவி வாயில வச்சேன். பெட்ரோல் வாசன, ரப்பர் கசப்பு. சந்தியா பாத்துக்கினு இருந்தா. மாமா தோப்பு வேலி கிட்ட நின்னாரு, கண்ண மட்டும் வேற பக்கம் திருப்பிக்கினு.

நான் மூச்ச உள்ள இழுத்தேன். இன்ஜின் நின்னுடுச்சு. மொகிலியில நின்ன மாதிரியே, ஒரு இருமல் இல்லாம. அதே அமைதி. நம்ம வாசல்ல, வெயில்ல, கோழி மேஞ்சுக்கினு இருக்கறப்ப அந்த அமைதி வந்துச்சு. அந்த வளைவுல பக்கத்துல யாரோ மூச்சப் புடிச்சுக்கினு இருக்காங்கன்னு எழுதினேன் இல்ல? இங்க அது என் மூச்சு.

மாமா திரும்பிப் பாத்துட்டாரு. எட்டு மாசமா அந்த வண்டிப் பக்கம் பாக்காத மனுஷன்.

தொப்பியக் கழட்டி அந்தச் சின்ன ஒயர எடுத்தேன். சுண்டு விரல் நீளம்கூட இல்ல. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பிளேடால உறையக் கீறினேன். உள்ள கம்பி எல்லாம் அறுந்து, ஒரே ஒரு இழை முடி மாதிரி நின்னுச்சு. அதுவும் என் கையில ஒடஞ்சு போச்சு.

சித்தூர் எலக்ட்ரிக் கடையில மெத்துனு வளையற ஒயரா வாங்கிப் போட்டாச்சு. மெக்கானிக் பாயிண்டு இடைவெளியும் டைமிங்கும் திரும்ப வச்சுக் குடுத்தாரு. மறுபடி உறிஞ்சிப் பாத்தேன். இன்ஜின் சத்தம் கூடுச்சே தவிர நிக்கல.

இந்த ஒயர் எப்ப அறுந்திருக்கும் ரமணா? இப்பவா? இல்ல அப்பவேவா? நீயே சொல்லு. என் வாயால சொல்ல எனக்கு பயமா இருக்குது.

செங்கம்மா


மஸ்கட்
30.10.1996

அண்ணி,

ஒயர் ஒரு நாள்ல அறாது. அப்பவே அறுந்துதான் இருந்திருக்கும். கடைசி இழைங்கதான் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கும்.

நீங்க கேட்டீங்களே, கார் அழுமான்னு. அழும் அண்ணி. இன்ஜின் எடுக்காம செல்ஃப் மட்டும் சுத்தற சத்தத்த தூரத்துலேர்ந்து கேட்டா, அதுவும் பனியில கேட்டா, விட்டு விட்டு யாரோ அழற மாதிரிதான் இருக்கும். வெங்கடலட்சுமி பொய் சொல்லல. ஆவியையும் கேக்கல. அண்ணன் சாவியத் திருப்பிக்கினு இருந்திருக்கான்.

குனிஞ்ச தலை நிமிரலன்னு லாரிக்காரன் சொன்னான். நீங்களும் அங்க குனிஞ்சுதான் இருந்தீங்க, உங்களுக்கும் ஹாரன் கேக்கல. எடுக்குதா எடுக்குதான்னு காது குடுத்துக்கினு இருக்கறவனுக்கு வேற சத்தம் ஏறாது. எனக்குத் தெரியும், நானே தினமும் அப்படித்தான் குனியறேன். சாவணும்னு நிறுத்தினவன் எதுக்கு சாவியத் திருப்பறான்? அண்ணன் கிளம்பத்தான் பாத்திருக்கான். கடைசி வரைக்கும் கிளம்பத்தான் பாத்திருக்கான்.

இத்த எழுதிட்டேன், ஆனா நிம்மதி வரும்னு நினைச்சது வரல. அவனே தேடிக்கினான்னு நினைச்சப்ப அவன் மேல கோவப்பட முடிஞ்சுது. உங்க மேலயும் கோவப்பட முடிஞ்சுது. இப்ப யார் மேல படறது, சுண்டு விரல் நீளம் ஒயர் மேலயா? ஷெட்டுல எந்த வண்டியாவது எடுக்காம செல்ஃப் இழுத்தா நான் வெளிய போயிடறேன். கூட வேலை செய்யறவங்க சிரிக்கிறாங்க.

நைனாவுக்கு என்னால இத்த எழுத முடியல. ரெண்டு தடவ ஆரம்பிச்சுக் கிழிச்சுட்டேன். நீங்க சொல்லுங்க. உங்க வாயாலதான் அவரு கேக்கணும். சந்தியாகிட்டயும் சொல்லுங்க, அவ நைனா அவள விட்டுட்டுப் போகல, வண்டி எடுக்கலன்னு.

ரமணா


பங்காருபாளையம்
24.11.1996

அன்புள்ள ரமணா,

சந்தியாகிட்ட சொல்லிட்டேன். பெரிசா ஒண்ணும் கேக்கல. "அப்ப நைனா வரத்தான் பாத்தாரா?"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். மறுநாள் ஸ்கூல்ல யார்கிட்டயோ சண்ட போட்டுட்டு, ரிப்பன் கிழிஞ்சு வந்தா. நான் ஒண்ணும் திட்டல.

வண்டி இப்ப மொகிலி வளைவுல நிக்கறதில்ல. மூணு சவாரி பலமநேர் போயி வந்துட்டேன். அண்ணாதுரைக்குக் கூட விஷயம் தெரிஞ்சு, வர்றேன் அக்கான்னு ஆள் அனுப்பியிருக்காரு. ஆனா உன்கிட்ட சொல்றேன், அந்த வளைவு வந்து கால எடுக்கறப்ப எனக்கு ஒடம்பெல்லாம் காதாயிடுது. நிக்கப்போவுது, இப்ப நிக்கப்போவுதுன்னு. நிக்காமப் போறப்ப நிம்மதியா இருக்குமுன்னு பாத்தா, அவரத் தாண்டி நான் மட்டும் போற மாதிரி இருக்குது. பின்னால ஏத்தியிருக்கறவங்க மாங்கா வெலையப் பத்திப் பேசிக்கினு வர்றாங்க. நான் கண்ணாடியில ரோட்டப் பாத்துக்கினே போறேன்.

மாமாவுக்குச் சொன்னது எப்படின்னு எழுதறேன். சோறு போட்டுட்டு எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். ஒயர், டப்பி, வெங்கடலட்சுமி கேட்ட சத்தம், எல்லாம். துன்னுக்கினு இருந்தவரு கைய நிறுத்தல. முழுசும் துன்னு முடிச்சுக் கைய கழுவிட்டு, "எனக்கு அந்த எடத்தக் காட்டு"ன்னாரு. உங்கண்ணன் போனதுலேர்ந்து எங்கிட்ட நேராப் பேசின மொதல் பேச்சு அது.

நேத்து காலையில கூட்டிக்கினு போனேன். வண்டியில ஏறறப்பவே கதவத் தடவிப் பாத்தாரு, எந்தக் கதவு புதுசுன்னு. வளைவத் தாண்டி, ரோட்ட விட்டு எறக்கி மண்ணுல நிறுத்தினேன். பனி லேசாத்தான் இருந்துச்சு. வெங்கடலட்சுமி கூடைய எறக்கி வச்சுட்டு எங்களப் பாத்துக்கினு நின்னா.

"எந்த ஒயரு?"ன்னாரு.

பானெட்டத் தொறந்து, தொப்பிய எடுத்து, விரல் வச்சுக் காட்டினேன். குனிஞ்சு பாத்தாரு. கண்ணு சரியாத் தெரியல, இன்னும் குனிஞ்சாரு. "இத்தினியூண்டா?"ன்னாரு. "இதுவா எம்புள்ளைய நிறுத்துச்சு?" ஆமா மாமான்னேன்.

நான் தொப்பிய மாட்டி முடிக்கறதுக்குள்ள அவரு போயி டிரைவர் சீட்டுல உக்காந்துட்டாரு. ஆயுசுல வண்டி ஓட்டாத மனுஷன். ஸ்டீரிங்க ஒரு கையால புடிச்சுக்கினு, "எத்தத் திருப்பணும்?"னு கேட்டாரு. வண்டி கியர்ல இல்லன்னு பாத்துட்டு, சாவியக் காட்டினேன்.

திருப்பினாரு. ஒரே சுத்துல எடுத்துச்சு.

நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தினேன். திரும்பவும் திருப்பினாரு. திரும்பவும் எடுத்துச்சு. அப்புறம் நிறுத்தறதயும் அவரே கத்துக்கினாரு. நிறுத்துவாரு, தலையக் குனிஞ்சுக்குவாரு, திருப்புவாரு. ரோட்டுல போற லாரிக்காரங்க ஹாரன் அடிச்சுக்கினு போறாங்க, அவரு நிமிரல. எத்தினி தடவன்னு நான் எண்ணல. போதும் மாமான்னு சொல்லத்தான் பக்கத்துல போனேன். அவரு வாய்க்குள்ள ஏதோ சொல்லிக்கினு இருந்தாரு. என்னன்னு குனிஞ்சு கேட்டேன்.

"எடுக்குதுடா சின்னப்பா. பாரு, எடுக்குது."

நான் சொல்லாம விட்டுட்டேன். வெங்கடலட்சுமி பக்கத்துல போயி நின்னுக்கினேன். அவரு கையி ஓயற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னோம்.

அண்ணி
செங்கம்மா